தோமையாரும் துத்தநாகக் கட்டையும்

விசைப்படகுகளைப் பெரும்பாலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள தடைக்காலத்தில்தான் கரையேற்றுவார்கள். மற்ற மாதங்களில் அடியைப் பார்க்க ஆள் இறங்க வேண்டும். தூத்துக்குடியில் அந்த வேலை என்னுடையது. மூன்று லிட்டர் சிலிண்டர் போதும். 200 பாரில் நிரப்பினால் 600 லிட்டர் காற்று; கடைசி 50 பாரைத் தொடாமல், இரண்டு மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய 18 நிமிடம் தாங்கும்.

“ஃபாதர் மந்திரிச்ச படகு, மாதா பாத்துக்குவா. எதுக்கு இறங்கணும்?” என்று கேட்கும் முதலாளிகள் உண்டு. உண்மையான விசுவாசத்தோடுதான் கேட்கிறார்கள். அப்படியானால் சோதித்துப் பார்ப்பது விசுவாசக் குறைவா?

தோமையாரைச் சந்தேகக்காரர் என்று குறை சொல்லும் பிரசங்கங்களைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் யோவான் நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தில், தொட்டால்தான் நம்புவேன் என்றவரை ஆண்டவர் விரட்டவில்லை. காயத்தைக் காட்டி, விரலை நீட்டச் சொல்கிறார். காணாமல் நம்புகிறவர்களைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது. இந்த வரிசை எனக்கு முக்கியம்.

துறைமுகக் கலங்கலில் ஒரு முழத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது, கைதான் பார்க்கும். ஏராவைத் தடவியபடி பின்னால் போனால் கொட்டலசின் கூர் கையுறையில் இடறும். சுக்கானுக்குப் பக்கத்தில் துத்தநாகக் கட்டை. உப்புத் தண்ணீரின் அரிப்பைத் தான் வாங்கிக்கொண்டு புரொப்பெல்லரையும் ஷாஃப்டையும் காப்பாற்றத்தான் அதை அங்கே பொருத்துகிறார்கள். புதிதில் வழவழப்பாக இருக்கும். நாளாக ஆகக் குழிகுழியாகக் கரைந்து, கடைசியில் போல்ட் மட்டும் விரலில் தட்டும். பிறருக்காகத் தேய்ந்த அந்தக் குழியில் விரல் வைக்கும்போதெல்லாம் தோமையார் நினைவுக்கு வருகிறார்.

சோதனைக்கும் எல்லை உண்டு. கேஜ் அழுத்தத்தைக் காட்டும், காற்றின் சுத்தத்தைக் காட்டாது. கம்ப்ரசர் காற்றிழுக்கும் இடத்தில் இன்ஜின் புகை புகுந்தால் கார்பன் மோனாக்சைடு சிலிண்டருக்குள் வந்துவிடும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொள்வேன். அதற்குமேல், நிரப்பித் தரும் அண்ணனை நம்பித்தான் முதல் மூச்சை இழுக்கிறேன். என் விசுவாசம் தொடங்குவது அங்கேதான். பார்க்க முடிந்ததைப் பார்க்காமல் விட்டுவிட்டு, பாரத்தை மாதாவின் தலையில் போடுவது விசுவாசம் ஆகாது.

தொழிலுக்குப் போகிற பிள்ளைகள் படகின் அடியைப் பார்த்துவிட்டா ஏறுகிறார்கள்? காணாமல் நம்புகிறவர்கள் அவர்கள்தான். அவர்களுக்காக ஒருவன் தொட்டுப் பார்த்தாக வேண்டும் என்பதை ஜூலை 3, தோமையார் திருநாள் பூசையில் ஃபாதர் ஒருமுறையாவது சொல்ல வேண்டும். முன்வரிசையில் முதலாளிகள்தான் உட்கார்ந்திருப்பார்கள்.