கழுத்தில் கிடக்கும் காணி

"உண்பதற்கே வழியில்லை, கழுத்திலே மட்டும் தங்கச் சங்கிலி!" தோட்டத்துப் பெண்களைக் குறித்துச் சிலர் இப்படிப் பேசுவதுண்டு. ஹாலிஎல கடைத்தெருவிலும், பதுளை பஸ்ஸிலும், சில வேளைகளில் ஆலய முற்றத்திலும்கூட இப்பேச்சுக் காதில் விழுகிறது. இதிலே நியாயம் உண்டா? ஏழை நகை அணிவது பாவமா, பேதைமையா, அல்லது அவளது உரிமையா? நமது குடும்பங்கள் சற்று நிதானமாகச் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

புனித இராயப்பரும் புனித சின்னப்பரும் தங்கள் நிருபங்களிலே, பெண்ணுக்குப் பொன்னைவிட நற்குணமே அழகு என்ற கருத்தை வலியுறுத்தினார்கள். அவர்கள் கண்டித்தது பகட்டை, பொன்னை அன்று. 13ஆம் நூற்றாண்டிலே புனித தோமஸ் அக்குவினாஸ் இதே பொருளை ஆராய்ந்தார். அணிகலன் தன்னிலே தீயதன்று. அணிபவரின் நோக்கமும், அவரது நிலைமையும், அவ்வூர் வழக்கமுமே அதை நல்லதாகவோ தீயதாகவோ ஆக்குகின்றன என்பது அவரது போதனையின் சாரம்.

அப்படியானால், நமது தோட்டத்துப் பெண்ணின் நோக்கம் எது? அதை அறியச் சரித்திரத்தைச் சற்றுப் புரட்ட வேண்டும்.

தமிழகத்திலிருந்து கங்காணிமாருடன் வந்த நம் முன்னோர் இம்மலைகளிலே முதலில் கோப்பியும், பின்னர் தேயிலையும் நட்டார்கள். நட்ட நிலம் அவர்களுடையதன்று. படுத்த லயக் காம்பராவும் அவர்களுடையதன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று தீர்மானித்தது. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. தொழிலாளியின் கைக்குக் காணி வரவில்லை. அண்மைக் காலத்திலே 7 பேர்ச் காணியும் தனி வீடும் பெற்ற குடும்பங்கள் உண்டு. ஆயினும் இன்றும் பலர் லயத்திலேயே வாழ்கிறார்கள்.

காணியுள்ளவன் காணியிலே சேமிப்பான். வீடுள்ளவன் வீட்டிலே சேமிப்பான். இரண்டும் இல்லாதவர், எங்கே போகச் சொன்னாலும் உடன் எடுத்துச் செல்லக்கூடிய ஒன்றிலேதான் சேமிக்க முடியும். எனவே இந்தச் சங்கிலி வெறும் அலங்காரமன்று. அது கழுத்திலே கிடக்கும் காணி. வங்கிப் புத்தகமும் அதுவே, காப்புறுதியும் அதுவே. 2022இல் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாமல் தத்தளித்து, அரிசியும் மாவும் எட்டாத விலைக்கு ஏறியபோது, எத்தனையோ வீடுகளில் அடுப்பை எரியவைத்தது இந்தக் காணிதான். இதை அணிபவளைப் பகட்டுக்காரி என்பது அநியாயம்.

பகட்டு நம்மிடையே அறவே இல்லையா? உண்டு. அயலாள் மூன்று பவுணில் போட்டாள் என்பதற்காகக் கடன்பட்டு நான்கு பவுணில் போடுவது பகட்டு. "பெண்ணுக்கு இத்தனை பவுண் போடுங்கள்" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்பது பகட்டுமட்டுமன்று, அநீதியுமாகும். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1350 ரூபா. 2025இல் ஒரு பவுண் தங்கம் மூன்று இலட்சம் ரூபாவைக் கடந்தது. அச்சம்பளத்தில் ஒரு சதமும் செலவழியாமல் சேர்த்தாலும், மூன்று இலட்சம் சேர 223 நாட்கள் மலையேற வேண்டும். "ஒரே ஒரு பவுண்தானே" என்று கேட்பவர் இந்தக் கணக்கை மனதிற்கொள்ள வேண்டும்.

வாங்குவதென்றால் நன்கு யோசித்து வாங்குவோம். கல் பதித்த பதக்கத்தைவிட, கல்லில்லாத உறுதியான சங்கிலி நமக்கு உகந்தது. அடகு வைக்கும்போது பொன்னின் நிறையும் மாற்றுமே கணக்கில் வரும். கல்லுக்கும், செய்கூலிக்கும், சேதாரத்துக்கும் கொடுத்த பணம் திரும்பாது. ஒரு பவுண் என்பது 8 கிராம். 22 கரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு பொன். நிறையும் கரட்டும் எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். கைக்கு எட்டாதபோது கவரிங் மாலை அணிவதில் இழிவில்லை. அதைத் தங்கமென்று சொல்லிக்கொள்வதில்தான் இழிவு.

இனி, முக்கியமான கேள்விக்கு வருவோம். இந்தச் சங்கிலி யாருடையது?

1984 வரை தோட்டத்திலே பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த நாட்சம்பளமே கிடைத்தது. அந்தக் குறைந்த சம்பளத்தையும் பல இடங்களில் தகப்பனோ கணவனோதான் வாங்கினார். அவள் பறித்த கொழுந்தின் பலனில் அவளிடம் மிஞ்சியது பெரும்பாலும் கழுத்திலும் காதிலும் கிடந்ததே. நாட்டின் சட்டமும் இதை மறுக்கவில்லை. மணமான பெண் கணவனின் சம்மதமின்றியே தன் சொத்தை வைத்திருக்கவும் விற்கவும் 1923ஆம் ஆண்டின் மணமான பெண்கள் ஆதனச் சட்டம் உரிமை வழங்கியது. எனவே சங்கிலி அவளுடையது.

"குடும்பத்துக்காகத்தானே அடகு வைக்கிறேன், இதிலே உன்னுடையது என்னுடையது என்ன?" என்று கணவர் கேட்கலாம். கேள்வி நியாயம்போலத் தோன்றும். கணவனும் மனைவியும் ஒன்றே என்பது நமது விசுவாசமன்றோ? ஆனால் ஒன்றாயிருப்பது வேறு. ஒருவர் மற்றவரை விழுங்கிவிடுவது வேறு. கொடை என்பது தன்னுடையதைத் தானே விரும்பிக் கொடுப்பது. மறுக்க முடியாதவளிடம் கேட்டு வாங்குவது கொடையாகாது, அது பறிப்பு. பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் எந்தத் தாய் சங்கிலியைக் கழற்றமாட்டாள்? அவளிடம் கேட்டால், அது அவளுடைய தியாகம். கேளாமல் எடுத்தால், அந்தத் தியாகத்தையும் அவளிடமிருந்து திருடியவராகிறோம். குடிப்பதற்காக எடுத்தால், அதற்கு விளக்கமே தேவையில்லை.

பெண்ணுக்கும் ஒரு வார்த்தை. உரிமை உண்டென்பதால், பிள்ளையின் படிப்பு நின்றுபோகும் வேளையிலும் பொன்னை இறுகப் பிடித்துக்கொள்ளலாகாது. காணியை உண்டாக்குவதே பயிரிடத்தானே!

தாலியைப்பற்றியும் சொல்ல வேண்டும். தாலியின் உருவம் நம் திருச்சபையிலே நெடுங்காலம் விவாதிக்கப்பட்டதுண்டு. 1704இல் புதுச்சேரியில் பாப்பரசரின் தூதர் தூர்னோன், பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைக் கிறிஸ்தவப் பெண்கள் அணியலாகாதென்றார். ஆனால் சிலுவை முதலிய கிறிஸ்தவ அடையாளம் உள்ள தாலியைத் தடுக்கவில்லை. அடையாளம் முக்கியமென்று கருதினார்களேயன்றி, இத்தனை பவுண் இருக்க வேண்டுமென்று எவரும் விதிக்கவில்லை. நெருக்கடியிலே தாலிப் பொன்னை அடகு வைத்து மஞ்சள் கயிறோடு பூசைக்கு வரும் தாய்மார் உண்டு. அவர்களுடைய திருமண அருட்சாதனத்தில் அணுவளவும் குறைவில்லை. அவர்களை ஏளனமாகப் பார்க்கும் கண்ணிலேதான் குறை.

நகையைப் பேணுவது எப்படி? மிதமான சவர்க்கார நீரில் மென்மையான பிரஷ்ஷினால் கழுவி, நன்கு துடைத்து உலரவிடுங்கள். துணி வெளுக்கும் குளோரின் நீர் படவேண்டாம். கொக்கியும் வளையங்களும் தேய்ந்தனவா என்று அடிக்கடி பாருங்கள். கொழுந்துக்குப் போகும்போது கழற்றி வைப்பது நல்லது; செடியிலே சிக்கி அறுந்தால் தேடிப் பிடிப்பது அரிது.

இவையெல்லாம் எளிது. கடினமான பேணுதல் ஒன்றுண்டு. அடகில் இருக்கும் நகையை மீட்பதுதான் அது. அடகுச்சீட்டு கணவரின் சட்டைப் பையிலன்று, மனைவியின் கையில் இருக்கட்டும். தவணைத் திகதியை ஒரு கொப்பியிலே எழுதி வையுங்கள். தவணை தப்பினால் வட்டி ஏறும், ஈற்றில் ஏலம். மனைவியின் சங்கிலியை வாங்கிய கணவர் அவளிடம் கடன்பட்டவர். கடைக்காரனுக்கும் சங்கத்துக்கும் தவணை தவறாதவர், இந்தக் கடனை மட்டும் ஏன் கடனாக எண்ணுவதில்லை?

நத்தார் நெருங்கும் வேளையிலே புதுச் சேலையும் பலகாரமும் வாங்க முற்பணத்தை எண்ணுகிறோம். அதற்கு முன் அடகுச்சீட்டை எடுத்துப் பாருங்கள். முழுவதும் மீட்க இயலாவிட்டால் வட்டியையாவது கட்டுங்கள். அவள் கேட்கமாட்டாள், கேட்டுப் பழக்கமில்லை. கேளாதவரின் கடனை முதலில் தீர்ப்பதே நீதி.