ஓடுபாதை இல்லாத ஊர்

ஜவ்வாது மலையில் விமானம் இறங்க ஓடுபாதை இல்லை. ஹெலிகாப்டருக்கு ஒரு மைதானம் போதும்.

பைலட் ஆகணும்னு சொல்கிற பிள்ளையிடம் நாம் முதலில் கேட்பது, “எதுல சம்பளம் ஜாஸ்தி?” தப்பான கேள்வி இல்லை. பயிற்சிக்கே பல லட்சம் கடன். வேலை வாய்ப்பும் விமான நிறுவனங்களில்தான் அதிகம்.

மலைக்கு வடகிழக்கே, அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்தில் இரண்டும் பறக்கின்றன: கடலைக் கண்காணிக்கும் பி-8ஐ விமானங்களும் ஹெலிகாப்டர்களும். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்ய முடியாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில், ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கியவர்களுக்கு உணவு போட்டது ஹெலிகாப்டர்.

அதற்காக எல்லோரும் அதையே ஓட்டணும்னு சொல்ல முடியாது. கடனை அடைப்பதும் அறம்தான். ஆனால் சம்பளத்தோடு இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளலாம்: நான் கற்கும் வித்தை யார் ஊர்வரை போகும்? ஓடுபாதை இருக்கிற ஊர்வரை மட்டுமா?