பழக்கத்தைக் கழற்றிப் போடு!

கோவை சிங்காநல்லூரில் ஒரு சின்ன லேத் பட்டறை. பத்தொன்பது வயதில் அங்கேதான் நான் தொழில் பழகினேன். ஒருநாள் மதியத்துக்குள் ஆறு ஷாஃப்ட்டுகளை அளவு குறைத்துக் கடைந்துவிட்டேன். ஆறும் ஸ்கிராப். "மிஷின் பழசுங்ண்ணா" என்று முந்திக்கொண்டேன். பட்டறைக்கார அண்ணன் திட்டவில்லை. மைக்ரோமீட்டரை நீட்டினார். "ஒவ்வொண்ணா அளந்து எழுது கண்ணு" என்றார்.

அளந்தேன். ஆறிலும் ஒரே அளவு பிழை. மிஷின் சொன்னபடிதான் ஓடியிருக்கிறது. நான் வைத்த செட்டிங்தான் தப்பு!

ஒருமுறை நேர்ந்தால் அது தவறு. ஒரே மாதிரி திரும்பத் திரும்ப நேர்ந்தால் அது செட்டிங்.

தம்பி, தங்கையே! உன் வாழ்க்கையை அப்படி அளந்து பார்த்ததுண்டா? மூன்று கம்பெனி மாறினாய். மூன்றிலும் மேனேஜர் மோசம் என்கிறாய். பத்தாம் தேதிக்குள் சம்பளம் தீர்கிறது, விலைவாசி என்கிறாய். வீட்டுக்குள் நுழைந்ததும் கத்துகிறாய். "எங்கப்பாவும் இப்படித்தான், ரத்தத்துலயே இருக்கு" என்கிறாய். உனக்கு அநியாயம் நடந்திருக்கலாம், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் பழி யார்மேல் விழுந்தாலும், நாளைக் காலை உன் வண்டியை நீதானே ஓட்டியாக வேண்டும்?

கோவையிலிருந்து திருச்சி சாலையில் கிழக்கே போ. சூலூரை அடுத்து கலங்கல். கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு 1893-இல் பிறந்த ஊர். வாத்தியார் முகத்தில் மண்ணை வீசிவிட்டு ஓடிய பிள்ளை அவர். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. "உருப்படாதவன்" என்று ஊர் முத்திரை குத்த அது போதாதா? அந்த முத்திரையை அவர் சுமந்து திரியவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டார். கோவைக்கு வந்து ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் ஊர்சுற்றப் போகவில்லை. அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, மறுபடி பூட்டினார்.

பிறகு திருப்பூரில் பஞ்சுத் தொழிலில் சம்பாதித்ததை பம்பாய்ச் சந்தையில் தொலைத்தார். தலையில் கைவைத்து உட்கார்ந்தாரா? கோவைக்குத் திரும்பினார். 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். யு.எம்.எஸ். என்ற பெரும் நிறுவனம் அதிலிருந்து வளர்ந்தது. 1937-இல் கோவை பீளமேட்டில் உருவான ஒரு மின்மோட்டாரிலும் அவர் கை இருந்தது.

அவர் வண்டியைக் கழற்றியதுபோல் நீ உன் பழக்கத்தைக் கழற்று! எந்த நேரத்தில் வருகிறது? எந்த இடத்தில்? அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது? ஒரு வாரம் நோட்டில் எழுது.

நான் என் கோபத்தைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருந்தவை மூன்றே சாமான்கள்: மதியம் சரியாகச் சாப்பிடாத வயிறு, நின்றுகொண்டே வந்த பஸ், செருப்பை விடுவதற்குள் அம்மா கேட்கும் முதல் கேள்வி. அம்மாவை மாற்ற வேண்டியிருக்கவில்லை. பஸ் ஏறுமுன் ஒரு டீ, ஒரு பன். வீட்டில் கைகால் கழுவும்வரை வாய் திறப்பதில்லை. அவ்வளவுதான்! அம்மா சொன்னார்: "இப்பத்தான் கண்ணு, நீ வர்ற சத்தம் கேட்டா எனக்குப் பயமா இல்லை." அதைக் கேட்டு நான் அழுதேன். அத்தனை வருடமாக என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது அன்றுதான் உறைத்தது.

நீயும் தொடங்கு. நாலாம் நாளே பழைய குணம் தலைதூக்கும். தூக்கட்டும்! அளந்து பார், செட்டிங்கை மறுபடி திருத்து. காயப்படுத்தியவர்களிடம் "தப்பு என்னோடது" என்று நேரில் சொல். தலை குனிந்து சொல்கிற அந்த இரண்டு சொல்தான் உன்னை நிமிர்த்தும்.

அதிகமாகச் சீவிவிட்ட இரும்பை யாராலும் மறுபடி ஒட்ட முடியாது. போன வருடங்கள் போனவைதான். ஆனால் அடுத்த கம்பி லேத் சக்கில் மாட்டியிருக்கிறது. மிஷினை இன்னும் யாரும் ஓடவிடவில்லை. செட்டிங்கைப் பார், கண்ணு!