சுரண்டிய வண்ணத்தின் பழி

கடல்நீரில் சில திங்கள் கிடந்தாலே படகின் அடிப்புறத்தில் பாசியும் கொட்டலசும் பற்றிக்கொள்ளும். அதனால் வேகம் குறையும், எரிபொருள் மிகும். ஆகவே கண்ணாடியிழைப் படகுகளுக்குச் செப்பு ஆக்சைடு கலந்த நச்சு வண்ணம் பூசுகின்றனர். ஆண்டுதோறும் பூச்சின்மேல் பூச்சேறித் தடித்து, இறுதியில் பொருக்காக உதிரும். அப்போது படகைக் கரையேற்றிப் பழையதைச் சுரண்டியெடுத்த பின்னரே புதியது பூச இயலும்.

இதில் இம்சை எங்கே நிகழ்கிறது? பூசும்போது என்றே பலரும் கூறுவர். இல்லறத்தானின் தொழிலில் தவிர்க்கவியலாது நேரும் இம்சை வேறு, கொல்லும் எண்ணத்துடன் செய்யும் சங்கல்ப இம்சை வேறு என்று நம் ஆசாரியர்கள் பிரித்துள்ளனர். 'என் நோக்கம் பயணமே, கொலையன்று' எனப் படகோட்டி கூறலாம். ஆனால் அவ்வண்ணம் நஞ்சாயிருப்பதனாலன்றோ அவனுக்குப் பயன்படுகிறது? பூச்சிமருந்து தெளிக்கும் நம் உழவர்க்கும் இவ்வினா புதியதன்று. இதனைத் தீர்த்துவிட்டதாக நான் சொல்லமாட்டேன்.

சுரண்டும்போது நிகழ்வதைப் பற்றியோ எனக்கு ஐயமில்லை. பழைய வண்ணத்தின் பணி முடிந்தது. நஞ்சு மட்டும் எஞ்சியுள்ளது. உலர்ந்தபடியே தேய்த்தால் தூளாகிப் பணியாளின் நுரையீரலில் படியும். தரையில் விழுந்தது மழைநீரோடு கடல் சேரும். அங்கே அதனால் மடியும் உயிர்கள் படகை நாடி வந்தவையல்ல.

பிரான்சு நாட்டின் ஆர்க்கசான் விரிகுடாவில் 1970களின் இறுதியில் சிப்பிகளின் ஓடுகள் தடித்து உருத்திரிந்தன, இளஞ்சிப்பிகள் பிழைக்கவில்லை. படகு வண்ணத்திலிருந்து கசிந்த டிரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்மமே காரணமென அறிந்து, 1982இல் 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளில் அதனைப் பூசத் தடை விதித்தனர். சிப்பிகள் மீண்டன. பன்னாட்டுத் தடை உடன்படிக்கை 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது. மிகப் பழைய படகுகளில் அந்நஞ்சு பிற்காலப் பூச்சுகளுக்கு அடியில் மறைந்திருக்கக்கூடும். சுரண்டுபவன் கையில் அது மீண்டும் வெளிப்படும்.

தார்ப்பாய் விரித்து, முகமூடி அணிந்து, நனைத்துத் தேய்த்து, உதிர்ந்த பொருக்கையும் வடிந்த நீரையும் திரட்டி நச்சுக்கழிவாக ஒப்படைத்தால் வேலை சற்றே நீளும், அவ்வளவே. அச்சிறு பொழுதை மிச்சப்படுத்த விரும்பும் சோர்வைத்தான் பிரமாதம் என்றும், இம்சையின் வேர் என்றும் உமாஸ்வாமிகள் காட்டினார். இங்கே தொழிலின் தேவை என்னும் சாக்கும் இல்லை.

புதிய பூச்சிலும் ஒரு தெரிவு உண்டு. நஞ்சேதுமின்றி, வழுவழுப்பினாலேயே உயிர்கள் இறுகப் பற்றாதவாறு செய்யும் சிலிக்கோன் பூச்சு இப்போது கிடைக்கிறது. விலை அதிகம், அடிக்கடி ஓடும் படகுக்கே ஏற்றது. பழைய செப்பு வண்ணத்தின்மேல் அது நேராக ஒட்டாது.