தெரியாதவர் ஒருவர் வேண்டும்

சென்னையில் தனியார் பள்ளிகள் ஆசிரியர் தேடுவது பெரும்பாலும் ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும். பிள்ளைகள் இல்லாத நாட்கள். பெஞ்சுகளை வராந்தாவில் அடுக்கிவிட்டு வகுப்பறைகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருப்பார்கள். வாசலில் ‘ஆசிரியர்கள் தேவை’ என்று ஒரு ஃபிளெக்ஸ். பக்கத்திலேயே, அதைவிடப் பெரிதாக, பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளைகளின் முகங்கள். பாடம் எடுத்தவர்களின் முகம் அதில் இருக்காது. அவர்களில் யாரோ விட்டுப்போன இடத்துக்காகத்தான், கோப்பைகள் அடுக்கிய அலமாரிக்குக் கீழே நாங்கள் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருப்போம். மடியில் ஃபைல், அதில் ஒரிஜினலும் ஒரு செட் ஜெராக்ஸும். பேச்சுக் கொடுத்தால் எல்லோருமே வேறெங்கிருந்தோ வந்தவர்கள். கோவில்பட்டி, ஆரணி, திருவாரூர். வீட்டுக்காரருக்கு இங்கே வேலை, அதனால் இவர்களுக்கும் இங்கே வேலை வேண்டும். என் கதையும் அதேதான், சொல்லப் புதிதாக ஒன்றுமில்லை.

*

முதல் கேள்வி பாடத்தைப் பற்றி இருக்காது. “எங்கேயிருந்து வர்றீங்க மேடம்?”

கேட்பது சொந்த ஊரை அல்ல, குடியிருக்கும் இடத்தை. கூடுவாஞ்சேரி என்றதும் எதிரில் இருப்பவர் மனசுக்குள்ளேயே ரயிலேறி இறங்கிப் பார்க்கிறார். எட்டேகாலுக்குப் பிரேயர். மழை நாளில் தண்டவாளத்தில் தண்ணீர் நின்றால்? சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிய ஆறு மணியானால்? நியாயமான கவலைதான். ஆனால் பள்ளி இருக்கும் தெருவில் வாடகை கொடுத்துக் குடியிருக்கும் அளவுக்கு அந்தப் பள்ளி சம்பளம் தருவதில்லை. பக்கத்தில் இருப்பவரும் வேண்டும், அந்தச் சம்பளத்துக்கும் வர வேண்டும் என்றால், வேறொருவர் வருமானத்தில் குடியிருப்பவர்தான் பொருந்துவார். அநேகமாக ஒரு மனைவி. விளம்பரத்தில் இதைப் போடுவதில்லை. போட்டிருந்தால் பலருக்கு ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. தாம்பரத்தில் இறங்கி, மேடவாக்கம் வழியாக வேளச்சேரி போகும் பஸ்ஸில் காலை நேரத்தில் நிற்பவர்களில் எத்தனை பேர் தோளில் நோட்டுக் கட்டு தொங்குகிறது என்று பார்த்தால், அந்த அறிவிப்பு யார் யாருடைய சம்பளத்தில் போய்ச் சேர்ந்தது என்பது தெரியும்.

*

அடுத்தது டெமோ.

பிள்ளைகள் இல்லாத மாதத்தில் டெமோ கிளாஸ் யாருக்கு எடுப்பது? பிரின்சிபால், துறைத் தலைவர், சில இடங்களில் கரஸ்பான்டன்ட்டின் மகனோ மருமகளோ. மூன்று பெரியவர்கள் சின்ன பெஞ்சில் முழங்காலை இடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். “செவன்த் ஸ்டாண்டர்டுன்னு வச்சுக்கோங்க.” நான் முழுக்களின் பெருக்கலை எடுப்பேன். குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண் வரும் என்பது.

போர்டில் எழுதுவேன். மூன்று தரம் மைனஸ் இரண்டு, மைனஸ் ஆறு. இரண்டு தரம் மைனஸ் இரண்டு, மைனஸ் நான்கு. ஒரு தரம், மைனஸ் இரண்டு. பூஜ்யம் தரம், பூஜ்யம். ஒவ்வொரு படியிலும் விடை இரண்டு கூடுகிறது. அப்படியானால் அடுத்த படி, மைனஸ் ஒன்று தரம் மைனஸ் இரண்டு, என்னவாக இருக்கும்? பெரியவர்கள் மூவரும் ஒரே குரலில் “ப்ளஸ் டூ” என்கிறார்கள். நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று தோன்றும். பிறகு பிரின்சிபால் குரலைச் சிறிசாக்கிக்கொண்டு, “மிஸ், எனக்குப் புரியலை” என்பார். புரியாத பிள்ளை இப்படிச் சொல்லாது. புரியாத பிள்ளை போர்டைப் பார்க்காமல் நோட்டின் ஓரத்தில் பூப் போடும். அல்லது எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டும். அந்தத் தலையாட்டலில் எது பொய் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் ஆசிரியருக்குச் சம்பளம்.

மறுபடி சொல்லிக்கொடுக்கிறேன். பிரின்சிபாலுக்குப் புரிந்துவிடுகிறது. அவருக்கு அது முப்பது வருஷமாகப் புரிந்திருக்கிறது.

அவர்கள் பார்ப்பதெல்லாம் குரல் கடைசி பெஞ்ச் வரை போகிறதா, போர்டில் எழுத்து நேராக இருக்கிறதா, இங்கிலீஷ் தடங்குகிறதா, கிளாஸ் கன்ட்ரோல் வருமா என்பதைத்தான். எல்லாமே தேவையானவை, குறை சொல்லவில்லை. ஆனால் கற்பிக்க வேண்டுமானால், தெரியாத ஒருவர் எதிரில் இருக்க வேண்டும். அந்த அறையில் இல்லாதவர் அவர் மட்டும்தான். அவர் இல்லாமல் நான் செய்துகாட்டுவது எனக்குத் தெரியும் என்பதை மட்டுமே. அது என் டிகிரியிலேயே எழுதியிருக்கிறது.

ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகு, ஒரு வாரம் ஒரு வகுப்பைக் கொடுத்துப் பார்க்கலாமே என்று ஒரு முறை கேட்டேன். “பேரண்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க மேடம்.” அதுவும் சரிதான். ஃபீஸ் கட்டியவர்களின் பிள்ளைகளை வைத்து யாரும் சோதனை செய்ய முடியாது.

*

அரசு வேலைக்கான பாதையில் நிற்பது வேறு வகைக் கதவு. கல்வி உரிமைச் சட்டம் வந்தபின் 2010இல் ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயமானது. தமிழ்நாட்டில் முதல் தேர்வு 2012 ஜூலையில். அப்போது 150 மதிப்பெண்ணுக்கு 90 எடுத்தால் தேர்ச்சி. எழுதிய லட்சக்கணக்கானோரில் ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை. தேறியவர்களின் சான்றிதழ் அன்று ஏழாண்டு செல்லும் என்றார்கள், 2021இல் ஆயுள் முழுக்கச் செல்லும் என்றாக்கினார்கள். இடையில் 2018இல் அரசாணை 149 வந்து, தேறியவர்களுக்கு மேலும் ஒரு போட்டித் தேர்வை வைத்தது. ஆயுளுக்கும் செல்லும் சான்றிதழை வைத்துக்கொண்டு தனியார் பள்ளி அலமாரிக்குக் கீழே காத்திருப்பவர்கள் உண்டு. நானும் வைத்திருக்கிறேன்.

அந்தத் தேர்வுத் தாளில் குழந்தை உளவியலுக்கு 30 கேள்விகள். படிக்கும்போது எனக்குப் பிடித்த பகுதி அதுதான். ஒரே அளவு தண்ணீரை உயரமான டம்ளருக்கு மாற்றினால் தண்ணீர் கூடிவிட்டது என்று சொல்லும் குழந்தையை வைத்து பியாஜே செய்த சோதனை எங்கள் கைடில் அரைப் பக்கம் இருந்தது. அதைக் கேள்வியாக்கி நான்கு விடை கொடுப்பார்கள். அந்தக் குழந்தையோடு அரை மணி நேரம் உட்கார்ந்தவருக்கும் அரைப் பக்கத்தை உருப்போட்டவருக்கும் அதே ஒரு மதிப்பெண்.

*

காலை ரயிலில், லேடீஸ் கோச்சில், அரசு உதவி பெறும் பள்ளியில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்யும் அக்கா ஒருவர் செங்கல்பட்டிலிருந்து வருகிறார். மடியில் திருத்த வேண்டிய நோட்டுகள், அதன்மேல் தகுதித் தேர்வு கைடு. பணி ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் மீதமிருக்கும் பழைய ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுக்குள் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று சொன்னதிலிருந்து இப்படி.

“என் பொண்ணு பி.எட். முடிச்சிருக்காப்பா. அவகிட்டதான் சைக்காலஜி கேக்குறேன். பத்து நிமிஷத்துக்கு மேல பொறுமை இல்ல அவளுக்கு. ‘இதுகூடவாம்மா தெரியாது’ங்கிறா.”

சிரித்தார். நானும் சிரித்தேன். மகளுக்கு அமைந்த டெமோ எங்கள் யாருக்கும் அமையவில்லை என்று சொல்ல நினைத்தேன், பல்லாவரம் வந்துவிட்டது.

*

வேலை கிடைக்கிற இடங்களைப் பற்றிச் சுருக்கமாக. சில பள்ளிகள் ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் வைத்துக்கொள்கின்றன, நடு வருஷத்தில் போய்விடக் கூடாதாம். சில இடங்களில் மே மாதத்துக்குச் சம்பளம் இல்லை, அட்மிஷனுக்கு ஆள் பிடிக்கும் வேலை மட்டும் உண்டு. அண்ணா நகர் பக்கம் நீட் கோச்சிங்கில் மணிக்கணக்கில் பணம், பள்ளியைவிட அதிகம். அங்கே பிள்ளைகள் கேள்வி கேட்டால் பாடம் பின்தங்கும். ஒரு இடத்தில் ஒரிஜினலைக் கேட்டார்கள், எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

*

வேளச்சேரி அபார்ட்மென்டில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு டியூஷன் எடுக்கிறேன். டெமோவில் எழுதும் அதே வரிசையை அவன் நோட்டில் எழுதினேன். மைனஸ் ஒன்று தரம் வந்ததும் பேனாவைப் பிடித்து நிறுத்தினான்.

“மைனஸ் ஒரு தரம்னா எத்தனை தரம் மிஸ்?”

பெருக்கல் என்றால் திரும்பத் திரும்பக் கூட்டுவது என்று அவனுக்கு இரண்டாம் வகுப்பில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது சரி. இந்த இடம் வரைக்கும் சரி. வரிசையைக் காட்டி, விடை இரண்டு இரண்டாகக் கூடுவதைப் பார் என்றேன். பார்த்தான். “பேட்டர்ன் சரி மிஸ். ஆனா எத்தனை தரம்?” பங்கீட்டு விதியை வைத்து இரண்டே வரியில் நிரூபித்துவிடலாம். அது பிரின்சிபாலுக்குப் போதும். இவன் கேட்பது அதை அல்ல; ஐந்து வருஷம் நம்பிய ஒன்றை ஏன் விட வேண்டும் என்று கேட்கிறான். அன்று பாதி நேரம் கணக்கே போடவில்லை. எண்கோட்டில் திரும்பி நிற்பது, கடனைத் தள்ளுபடி செய்வது என்று அவனே ஒவ்வொன்றாகச் சொல்லி அவனே தள்ளிக்கொண்டிருந்தான்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஆசிரியர் எவரும் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. வேலை கிடைக்காதவரை அது என்னைத் தொடாது. கிடைத்தால் இவனை விட வேண்டும்.

அவன் அம்மா, அதே பிளாக்கில் மூன்றாம் மாடியில் ஒரு பெண் பிள்ளைக்கும் கேட்கிறார்கள் என்றார். புதன், வெள்ளி. போன தடவை ஃபீஸ் பேச்சு வந்ததும் “நீங்களே பார்த்துக் குடுங்க” என்று சொல்லி வாங்கியதை இன்னும் மாற்ற முடியவில்லை. மூன்றாம் மாடியில் தொகையை நான்தான் முதலில் சொல்ல வேண்டும்.