போதும் என்ற சொல்

ஸ்டுட்கார்ட் நகரில் என் தமக்கை மகன் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தபோது, எனக்குச் சற்றும் தெரியாத ஒரு விஷயத்தில் அவன் என்னிடம் தீர்ப்புக் கேட்டான். அவனுக்கு வயது 53. என்ஜினீயர். பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. வீட்டுக் கடனும் தீர்ந்துவிட்டது. இப்போது இருவர் மட்டுமே உட்காரக்கூடிய, கூரையைத் திறந்து மூடுகிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கவேண்டும் என்று ஆசை வந்திருக்கிறது. புதிது அல்ல, செகண்ட் ஹாண்ட். 2001-ஆம் ஆண்டில் செய்த போர்ஷே பாக்ஸ்டர்.

"அதில் இரண்டு தினுசு உண்டு, மாமா. ஒன்று சாதாரணம். இன்னொன்று எஸ். எதை வாங்கட்டும்?" என்றான்.

கார் ஓட்டத் தெரியாத ஆளிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் கதை எழுதுகிறவனிடம் எதைக் கேட்டாலும் பதில் சொல்லிவிடுவான் என்று உலகம் நம்புகிறது. நானும் அந்த நம்பிக்கையைக் கெடுக்க விரும்பவில்லை. "வித்தியாசம் என்ன?" என்று கேட்டுவைத்தேன்.

சாதாரணக் காரின் என்ஜின் 2.7 லிட்டர், 220 குதிரைத் திறன். எஸ் காருக்கு 3.2 லிட்டர், 252 குதிரைத் திறன். முன்னதில் ஐந்து கியர், பின்னதில் ஆறு. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டச் சாதாரணக் காருக்கு 6.6 விநாடி பிடிக்கும். எஸ் காருக்கு 5.9 விநாடி. உச்ச வேகம் ஒன்றுக்கு 250, மற்றதற்கு 260. எஸ் காரின் மூக்கில், நடுவில் கூடுதலாக ஒரு காற்றுவாய் உண்டு. அதற்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு ரேடியேட்டர். முன்சக்கரத்தின் பிரேக் தட்டு 298 மில்லிமீட்டருக்குப் பதில் 318. பிறகு, பின்புறத்தில் அந்த ஓர் எழுத்து. அவன் பார்த்துவைத்திருந்த இரண்டு கார்களுக்கும் விலையில் மூவாயிரம் யூரோ வித்தியாசம்.

நான் சிரித்தேன். முக்கால் விநாடிகூட இல்லாத ஒரு நேரத்துக்கு மூவாயிரம் யூரோவா? அதற்குள் ஒரு தும்மல்கூட முழுசாகத் தும்ம முடியாதே! "சாதாரணத்தையே வாங்கு" என்றேன். அதற்குக் காரணங்களும் அடுக்கினேன். ஜெர்மனியின் பெருஞ்சாலைகளில் வேகக் கட்டுப்பாடே இல்லாத பகுதிகள் இன்னும் உண்டு. ஆனாலும் 130-க்கு மேல் போகவேண்டாம் என்று 1978 முதல் அரசாங்கமே ஆலோசனை சொல்லிவருகிறது. இவன் உத்தியோகத்துக்குப் போகும் சாலையிலோ காலையில் லாரிகளின் முதுகைத் தவிர வேறு காட்சி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பிளாக் ஃபாரஸ்டின் மலைச்சாலையில், பாடன்-பாடனிலிருந்து ஃப்ராய்டன்ஸ்டட் வரை போய்வரலாம். அங்கே அடிக்கொரு வளைவு, வளைவுக்கொரு எச்சரிக்கைப் பலகை. இருப்பதை முழுதும் உபயோகிப்பது ஓர் இன்பம். உபயோகிக்க முடியாததைக் கட்டிக்கொண்டு அழுவது ஒரு பாரம். விரலுக்குத் தகுந்த வீக்கம் போதாதா?

மறுநாள் அவன் என்னைத் ஸுஃபன்ஹவுஸனில் இருக்கும் போர்ஷே மியூசியத்துக்கு அழைத்துப்போனான். நான் சொன்னதற்கு அங்கேயே ஒரு சாட்சி அகப்பட்டது. 911 என்ற பிரசித்தி பெற்ற காரின் விலை அதிகம் என்று, அதே உடலில் நாலு சிலிண்டர் என்ஜினை வைத்து 912 என்று ஒரு காரை 1965-இல் விற்கத் தொடங்கினார்களாம். திறன் வெறும் 90 குதிரை. 1969-க்குள் முப்பதாயிரத்துக்கும் மேல் விற்றிருக்கிறது. அதை வாங்கினவர்கள் எல்லாரும் அழுதுகொண்டா ஓட்டியிருப்பார்கள்? இன்றைக்கும் அதைத் துடைத்துப் பாலீஷ் போட்டுக் குழந்தை மாதிரி வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். "பார்த்தாயா?" என்றேன், வெற்றிப் பெருமிதத்தோடு.

அவன் பதில் சொல்லவில்லை. திரும்பி வருகையில் ரெயிலில்தான் பேசினான்.

"மாமா, அப்பா டிரான்சிஸ்டர் வாங்கினது ஞாபகம் இருக்கிறதா?"

எனக்கு ஞாபகம் இல்லை. அவனுக்கு இருந்தது. சேலத்தில் என் அத்திம்பேர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த காலம். கடையில் இரண்டு டிரான்சிஸ்டர்கள். ஒன்றில் மத்திய அலை மாத்திரம். மற்றொன்றில் சிற்றலையும் உண்டு. நாற்பது ரூபாய் அதிகம். அத்திம்பேர் பையில் இரண்டுக்கும் பணம் இருந்தது. பையனுக்கு அது தெரியும். "நமக்கு இது போதும்" என்று சிறியதை வாங்கினார். வீட்டுக்கு வந்தபின், இலங்கை வானொலியில் பாட்டுக் கேட்க அவரே அடுத்த வீட்டுச் சுவரோரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவாராம். எத்தனையோ வருஷம் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்.

"அவர் திருப்தியாக இருந்தார் என்றுதான் எல்லாரும் சொல்கிறீர்கள். நான் அந்த நாற்காலியைப் பார்த்தவன். நானும் இதுவரை எல்லாவற்றிலும் இரண்டாவதைத்தான் வாங்கியிருக்கிறேன். கோட்டு, வீடு, பெண்டாட்டிக்கு வளையல், எல்லாம். அது எனக்குப் பிடித்திருந்ததா, பயமாக இருந்ததா என்று எனக்கே தெரியவில்லை."

முந்தின நாள் நான் அடுக்கின காரணங்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருந்தது. 'போதும்' என்கிற சொல்லை நம் குடும்பங்களில் பெரிய ஞானமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அது ஞானமாகவும் இருக்கலாம். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஏழைமை விட்டுப் போன பிறகும் அதன் கை நம் பையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தால், அதற்கும் இதே சொல்லைத்தான் வைத்துக்கொள்கிறோம். இரண்டையும் வெளியிலிருந்து பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மாமாவாலும் முடியாது.

ஆகவே தீர்ப்பை நிறுத்திவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்கினேன்.

"இரண்டும் ஒரே விலை என்றால் எதை எடுப்பாய்?"

"எஸ்" என்றான் உடனே.

இது எதையும் நிரூபிக்காது. ஒரே விலைக்குக் கிடைத்தால் யார்தான் பெரியதை வேண்டாம் என்பார்கள்? அதனால் இன்னொன்று கேட்டேன். "அந்த எழுத்து பின்னால் இல்லாவிட்டால்? இது எஸ் என்று ஒரு ஜீவனுக்கும் தெரியாது என்றால்?"

இந்தக் கேள்விக்கு ஒரு பின்னணி உண்டு. சாதாரணக் காரை வாங்கி, அதில் எஸ் என்ற எழுத்தை ஒட்டிக்கொள்கிறவர்கள் உண்டு என்று அவனே சொல்லியிருந்தான். அந்தக் கம்பெனியில் புதுக் கார் வாங்குகிறவர்கள், பின்னால் பெயரே எழுதவேண்டாம் என்று சொல்லியும் வாங்கலாமாம். இல்லாததைக் காட்டுவது ஒரு கர்வம். இருப்பதை மறைப்பது அதைவிடப் பெரிய கர்வமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அது கிடக்கட்டும்.

இந்தத் தடவை அவன் யோசித்தான். இரண்டு ஸ்டேஷன் கடந்துபோயிற்று.

"அப்போதும் எஸ்தான், மாமா. அந்த முக்கால் விநாடிக்காக இல்லை. பிரேக்குக்காக."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பலத்தை விரும்புகிறவன் ஓடுவதற்காக விரும்புகிறான் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நிற்பதற்காகவும் ஒருவன் விரும்பலாம் என்பது தோன்றவே இல்லை. முந்தின நாள் 'உபயோகிக்க முடியாதது பாரம்' என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்! நல்ல பிரேக்கின் கடைசிப் பங்கை வாழ்நாளில் ஒரு தடவை உபயோகித்தால் அதிகம். ஒரு தடவையும் உபயோகிக்காமல் போனால் அதுவே பாக்கியம். வீட்டில் நெல் இருப்பதும், பாடகனுக்கு எட்டவேண்டாத ஸ்தாயி எட்டுவதும் இந்த ஜாதிதானே?

ஆனால் என் பழைய கட்சியையும் முழுக்க விட்டுவிட மனம் வரவில்லை. ஆசையைப் பிரேக் என்று அழைத்துக்கொள்வதும் மனிதனுக்குத் தெரிந்த வித்தைதான். அதனால் கடைசியாக, கணக்கிலே இறங்கினேன். வாங்குகிற பணம் இருக்கிறது. வைத்துக் காப்பாற்றுகிற பணம் இருக்கிறதா?

இது வேடிக்கைக் கேள்வி அல்ல. இந்த வரிசைக் கார்களின் என்ஜினுக்குள், இடைத்தண்டு ஒன்றைத் தாங்குகிற சிறிய பேரிங் இருக்கிறது. அது உடைந்தால் பல சமயம் என்ஜின் முழுவதுமே போய்விடும். உள்ளங்கையில் அடங்குகிற சாமான். போனால் காரின் விலையையே விழுங்கிவிடும். கிளச் மாற்றுவதற்காகக் கியர்ப் பெட்டியை இறக்கும்போதே அதையும் மாற்றிவிடுவது விவேகிகளின் வழக்கம். இந்தப் பயம் சாதாரணத்துக்கும் உண்டு, எஸ்ஸுக்கும் உண்டு. 32 குதிரை அதிகம் கொடுத்தவர்கள் அதிலிருந்து விடுதலை கொடுக்கவில்லை. பழைய காரை வாங்குகிறவன் முந்தின சொந்தக்காரனின் குணத்தையும் சேர்த்து வாங்குகிறான். அவன் வேளாவேளைக்கு எண்ணெய் மாற்றினானா, ரசீதுகளைப் பத்திரப்படுத்தினானா என்பது பின்னால் என்ன எழுத்து இருக்கிறது என்பதைவிட முக்கியம்.

"ரசீது எந்தக் காருக்கு ஒழுங்காக இருக்கிறது?" என்று கேட்டேன்.

"இரண்டுக்கும் இருக்கிறது."

"பேரிங் செலவையும் சேர்த்து, உன் சேமிப்பில் எவ்வளவு போகும்?"

சொன்னான். அது ஒரு குடும்பத்தை அசைக்கிற தொகை இல்லை. அதற்குமேல் என்னிடம் கேள்வியும் இல்லை; தீர்ப்பும் இல்லை. "உன் இஷ்டம்" என்றேன். பெரியவர்கள் வாயில் அந்த வார்த்தை வந்தால், தோற்றுப்போய்விட்டார்கள் என்று பொருள்.

நான் ஊருக்குத் திரும்பி இரண்டு மாதம் கழித்துப் படம் ஒன்று அனுப்பியிருந்தான். மழை ஈரத்தில் சாம்பல் நிறக் கார். பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு அவன் மனைவி. முன்புறத்திலிருந்து எடுத்த படம் ஆகையால் பின்புறத்து எழுத்து தெரியவில்லை. மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, காரின் மூக்கில் நடுவே அந்தக் காற்றுவாய் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

படத்தின் கீழே ஒரு வரி எழுதியிருந்தான்: "வண்டி நன்றாக இருக்கிறது, மாமா. ரேடியோ மட்டும் வேலை செய்யவில்லை, நாளைக்கு மாற்றப்போகிறேன்."