பொறியும் பொறுப்பும்

மனிதன் தன் வலிமைக்கு மேற்பட்ட வேலைகளைச் செய்தற்பொருட்டுப் பொறிகளைப் படைத்தான். கலப்பை அவன் உடலின் சுமையைக் குறைத்தது. கணினியோ அவன் சிந்தனையின் சுமையைக் குறைக்க முற்பட்டது. சுமையைப் பொறியிடம் ஒப்படைக்கலாம். அதனோடு பொறுப்பையும் ஒப்படைத்தல் கூடுமா? இக்கால அறவியல் விடை காணவேண்டிய வினாக்களுள் இதுவும் ஒன்றாகும்.

கரடியனாற்றிலிருந்து பதுளை வீதி வழியாகச் செங்கலடிக்கு அலுவலொன்றின் பொருட்டு வரும் உழவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவர் பெயர் ஓர் ஆவணத்தில் ஒருவிதமாகவும் பிறிதோர் ஆவணத்தில் ஓரெழுத்து மாறியும் பதியப்பட்டிருக்கின்றது. அவரையும் அவர் தந்தையாரையும் நன்கறிந்த உத்தியோகத்தரே எதிரில் அமர்ந்திருப்பினும், “கொம்பியூட்டர் எடுக்குதில்லை, ஐயா” என்ற மறுமொழியே கிடைக்கின்றது. ஒரு நாட் கூலியும் பேருந்துக் கட்டணமும் வீணாக அவர் திரும்புகின்றார்.

தமிழில் எழுதுவோர்க்கு இத்தகைய தொல்லைகள் புதியனவல்ல. பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய கடிதத்தை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ‘அம்மா’ என்னும் சொல் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகச் சிதைந்து தோன்றும். எனினும் இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளத்தக்க இடர்கள். பொறுத்துக்கொள்ளத் தகாதது, “கணினி ஏற்கவில்லை” என்னும் அந்த வாக்கியமே. அதன் எழுவாய் கணினி. எழுத்தைப் பிழையாகப் பதிந்தவரும், பிழையைத் திருத்த வழிவையாது அம்முறையை வகுத்தவரும் மனிதர்களே. அவர்களுள் ஒருவருக்கேனும் அவ்வாக்கியத்தில் இடமில்லை.

அலுவலக மேசையில் ஒரு நாளை வீணாக்கும் இவ்வாக்கியம், போர்வானில் உயிர்களைக் கொள்ளவல்லது. போர்வானம் என்பது கரடியனாறு அறியாததொன்றன்று. 1996இல் இலங்கை விமானப்படையிற் சேர்க்கப்பட்ட இஸ்ரேலியத் தயாரிப்பான ‘கிபிர்’ விமானத்தின் பெயர், வடகிழக்கு மக்களின் அன்றாடப் பேச்சிலும் இடம்பெற்றது. 2009இல் போர் முடிவுறும்வரை, அவ்வோசையைக் கேட்டவர் பதுங்குகுழியை நாடினர். குழியில் இருந்தவருக்கு விமானியின் முகம் தெரியாது. விமானிக்கும் அவர் முகம் தெரியாது.

போர் விமானங்கள் குறித்து இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. கணினி வழிநடத்தும் குண்டு குறிதவறாது. ஆதலின் அப்பாவிகளின் இழப்புக் குறையும் என்பர் ஒரு சாரார். தூரம் கூடக் கூட மனச்சான்றின் குரல் மெலியும் என்பர் மறுசாரார். முதற்கருத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. குறிதவறும் குண்டிலும் குறிதவறாக் குண்டு மேலானதே. ஆயினும் 1991 பெப்ரவரி 13ஆந் திகதி பக்தாத்தின் அமிரியா புகலிடத்தின்மீது வீசப்பட்ட இரண்டு லேசர்க் குண்டுகளும் குறிதவறவில்லை. அது படைத்துறைக் கட்டளை நிலையம் எனக் கருதப்பட்டது; உள்ளே தங்கியிருந்தோர் பொதுமக்கள். நானூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். காட்டிய இடத்தைத் தாக்குவதே பொறியின் திறன். காட்டிய இடம் சரியானதா என்பது காட்டியவன் விடையிறுக்க வேண்டிய வினா.

பொறியே பிழைத்த இடமும் உண்டு. அதே ஆண்டு பெப்ரவரி 25ஆந் திகதி, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்கப் பேட்ரியட் ஏவுகணை எதிர்ப்புப் பொறி ஈராக்கிய ஏவுகணையைத் தடுக்கத் தவறியதால் 28 படைவீரர் இறந்தனர். அப்பொறியின் கடிகாரம் நேரத்தைப் பத்திலொரு செக்கனாக எண்ணியது. பத்திலொன்றை இரும எண்முறையில் முற்றச் சரியாக எழுத இயலாது. விடுபட்ட அச்சிறு பின்னம், பொறி நூறு மணிநேரம் ஓய்வின்றி இயங்கியபோது 0.34 செக்கனாகத் திரண்டது. நிறுத்தி மீண்டும் இயக்கியிருந்தால் அப்பிழை நீங்கியிருக்கும். நெடுநேரம் இயக்குதல் கூடாது என்ற எச்சரிக்கை முன்னரே அனுப்பப்பட்டிருந்தது. எவ்வளவு நேரம் நெடுநேரம் என்பதை அதில் எவரும் கூறவில்லை. திருத்திய நிரல் மறுநாளே வந்து சேர்ந்தது. பிழை எண்ணினுடையதுதான், எனினும், அதனை அறிந்தும் தெளிவாகச் சொல்லாமை மனிதருடையது.

இதற்கு மறுதலையான சான்றும் வரலாற்றில் உண்டு. 1983 செப்டெம்பர் 26ஆந் திகதி, அமெரிக்காவிலிருந்து ஐந்து ஏவுகணைகள் புறப்பட்டுவிட்டன எனச் சோவியத் எச்சரிக்கைக் கணினி அறிவித்தது. கடமையிலிருந்த ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ், அணுப்போரை எவரும் ஐந்தே ஏவுகணைகளுடன் தொடங்கார் என ஆராய்ந்து, அது பொய்யறிவிப்பு என மேலிடத்துக்குத் தெரிவித்தார். முகில்களிற் பட்டுத் தெறித்த சூரிய ஒளியே செய்ம்மதியை ஏமாற்றியது எனப் பின்னர் தெரியவந்தது. “கணினி சொல்கின்றது” என்று அறிவித்து அவர் தம் கடமையை முடித்துக்கொண்டிருக்கலாம். அவ்வாறு செய்யாது தீர்ப்பைத் தம்முடையதாக ஏற்றமையே அவர் செயலின் அறம்.

கட்டளைக்குப் பணியும் விமானிக்கும், திரையை மாற்ற அதிகாரமற்ற உத்தியோகத்தருக்கும் முழுப் பழியையும் ஏற்றுதல் நீதியாகுமா என வினவலாம். ஆகாது. பலர் கைப்பட்டு நிகழும் செயலிற் பொறுப்புப் பங்கிடப்படும். ஆனால், பங்கிடப்படுவது வேறு, இல்லாதொழிவது வேறு. திருத்த இயலாதவர், பிழையை எழுதி மேலிடத்துக்கு அறிவிக்கலாம். அவ்வறிவிப்புச் சென்றுசேரும் வழியைத் திறந்துவைத்தல் மேலிடத்தின் கடன்.

திருவள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆராயாது நம்புதலும், நம்பியபின் ஐயுறுதலும் தீராத் துன்பம் தரும் என்பது அதன் முடிபு. மட்டக்களப்பில் வைகாசிதோறும் கண்ணகி கோயில்களிற் பாடப்படும் வழக்குரையின் பொருளும் இதற்கு அயலானதன்று. பொற்கொல்லன் தந்த தகவலை ஆராயாது நம்பிப் பாண்டியன் கோவலனைக் கொல்வித்தான். உடைந்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்தபோது, தகவல் தந்தவன்மீது பழிசுமத்தித் தான் தப்ப அவன் முற்படவில்லை; பழியைத் தானே ஏற்று உயிர்நீத்தான் என்று சிலப்பதிகாரம் கூறும்.

இன்றைய பொற்கொல்லன் திரையினுள் இருக்கின்றான்; தீர்ப்பளிக்கும் இருக்கை இன்னும் மனிதனுடையதே. கரடியனாற்று உழவர் மீண்டும் செங்கலடிக்கு வருவார். அன்று, “பிழை எங்களுடையது ஐயா, திருத்தித் தருகிறோம்” என்று சொல்ல ஒருவர் முன்வருவாராயின், அச்சிறு மேசையிற் காக்கப்படும் அறமும், போர்வானில் வேண்டப்படும் அறமும் ஒன்றேயாகும்.